இருக்காதா, இருக்கக் கூடாதா

வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், வலது கையைத் தூக்கினால் என் முழங்கையில் இடிக்கும் என்று டாக்டர் நளினா முதலிலேயே சொல்லிவிட்டார், ஆனால் வலிக்கவில்லை. மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்த கீழ்க் கடைவாய்ப் பல் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விட்டது, பல்லோடு வலது கன்னமும், கன்னத்தோடு கீழுதட்டில் பாதியும். உதட்டை மடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், உதடு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இடது பக்கம் வாய் மூடாமலிருக்க ஒரு ரப்பர் கட்டை, வாயோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய், அது சர்ரென்று இழுத்துக்கொண்டே இருக்கிறது, நடுவில் ஒருமுறை நாக்கின் ஓரத்தைப் பிடித்துவிட்டு விட்டது. கண்ணுக்கு நேரே விளக்கு. விளக்கைத் தாண்டிக் கூரையில் ஃபேன், மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் அழுக்கு அதிகமாக இருக்க வேண்டும், சுற்றும்போது ஒரு சாம்பல் வளையம் தெரிகிறது. இன்றைக்குக் காலையில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், யாரும் என்னைத் தேடப்போவதில்லை, கைப்பை அந்தப் பக்க நாற்காலியில், போன் அதற்குள். இப்படி ஒரு காலைப்பொழுது மல்லாந்து படுத்துக்கொண்டு சும்மா இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று, பல்லுக்குள் கம்பி போகிறது என்பதை விட்டுவிட்டால் இது ஓய்வுதான். "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்கிறார் டாக்டர், எல்லாப் பல் டாக்டர்களும் இரண்டு கையையும் வாய்க்குள் விட்ட பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். "ஆ" என்கிறேன். "ஐ.டி.யா?" "ஆ." "எங்க பக்கத்து வீட்லயும் ஒருத்தர் ஐ.டி.தான், மாடியில குளோரின் தண்ணி வருதுன்னு அசோசியேஷனுக்கு டெய்லி மெயில் போடறாரு" என்று அவர் அவருடைய குடியிருப்பைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

ஐ.டி. இல்லை டாக்டர். வாய் திறந்திருந்தால், சரி, வாய் திறந்துதான் இருக்கிறது, பேச முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் படுக்க வைப்பார்களே வார்மர், மேலே ஹீட்டர், கீழே சின்ன மெத்தை, அதைச் செய்கிற கம்பெனி, அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே போகவேண்டும், மொத்தமே நாற்பது பேர். அந்த வார்மருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. அதன் அடிமட்ட நிரலை, கெர்னல் என்போம், மற்ற எல்லாமே அதைக் கேட்டுத்தான் நடக்கும், அதை எழுதுகிறவள் நான். இதற்கு மேல் சொன்னால் யாருக்கும் புரியாது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவதில்லை. ஆனால் இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் வந்து தோளைத் தட்டும், குழந்தையின் வயிற்றில் ஒட்டிய சென்ஸார் தட்டும், நர்ஸ் பட்டனை அழுத்தினால் அது தட்டும். தட்டினால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் போய் என்னவென்று கேட்டு, முடித்துக்கொடுத்துவிட்டுத் திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இண்டரப்ட். அவ்வளவுதான். சில வேலைகளை மட்டும் பாதியில் போட முடியாது. அந்த நேரத்துக்கு மட்டும் யாரும் தட்டாதே என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், முடிந்ததும் திறக்க வேண்டும். சாத்தியே வைத்திருந்தால் வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. முன்னாலேயே திறந்துவிட்டால் பாதி வேலை வெளியே போய்விடும். பதினெட்டு வருஷமாக நான் செய்வது இந்தக் கதவைச் சாத்துவதும் திறப்பதும்தான்.

ரபீக் இந்நேரம் உடுமலை போய்ச் சேர்ந்திருப்பார். காலையில் ஆறு மணிக்கே ஒரு படம் அனுப்பியிருந்தார், பொள்ளாச்சி ரோட்டில் மயில் ஒன்று காரை மறித்துக்கொண்டு நிற்கிற படம். எங்கள் வார்மர்களை ஊர் ஊராகப் போய்ப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் அவர்தான். உடுமலையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எங்களுடையது நாலு இருக்கிறது. எந்த நேரத்தில் எவ்வளவு சூடு கொடுத்தது என்று பின்னால் பார்க்கிற மாதிரி ஒரு பதிவு, லாக் என்போம், வேண்டும் என்று அங்கே டாக்டர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பெனடிக்ட் எழுதினான், நான் பார்த்துச் சரி என்றேன், ரபீக் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நேற்று மாலை. பல்வலி உச்சத்தில் இருந்த நேரம். பெனடிக்ட் டிபன் டப்பாவைக் கழுவப் போகிற வழியில் லேப்டாப்பை இன்னொரு கையில் விரித்தபடி என் மேஜைக்கு வந்து நின்றான், டப்பாவிலிருந்து மீன் குழம்பு வாசனை, அவன் நாகர்கோயில்காரன், அவன் வீட்டில் வெள்ளிக்கிழமையும் மீன்தான். "மேடம், நான் இந்த லாக் எழுதற இடத்துல, இண்டரப்ட் ஏற்கெனவே ஆஃப்ல இருக்குமா?" என்று கேட்டான், அதாவது கதவு ஏற்கெனவே சாத்தியிருக்குமா என்று. கேட்டானா? கேட்டான். நான் கன்னத்தைக் கையில் தாங்கியபடி திரையைப் பார்த்தேன். இருக்காது என்றேன். அவன் போய்விட்டான். நல்ல கேள்வி, நல்ல பையன், பையன் என்று சொல்ல முடியாது, முப்பத்தெட்டு வயது, எனக்கு ஆறு வயதுதான் சின்னவன், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவான்.

டாக்டர் கம்பிகளை எல்லாம் எடுத்துவிட்டார், வாய்க்குள் தண்ணீர் அடித்து, காற்று அடித்து, பல்லைக் காய வைக்கிறார். "கிளீனிங் முடிஞ்சுதுங்க. இனி அடைக்கறதுதான்" என்கிறார். எழுந்து போய் ஃபேனை அணைக்கிறார். சாம்பல் வளையம் மெதுவாக மூன்று இறக்கைகளாகப் பிரிகிறது, நான் நினைத்தது சரி, ஒன்றில்தான் அழுக்கு. கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பவுடரைக் கொட்டுகிறார், பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய், கிராம்பு வாசனை, பிரியாணி வாசனை என்று மனசு தவறாகச் சொல்லுகிறது, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அப்போது ரிசப்ஷன் பெண் ஷோபனா உள்ளே வருகிறாள், அலமாரியில் பில் கட்டு இருக்கிறது போல. வந்தவள் பழக்கத்தில் ஃபேன் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகிறாள், பில் பறக்கக் கூடாது என்று அணைக்கத்தான். அது அணைந்தே இருக்கிறது. சரி என்று பில்லைப் பிரித்து, வேண்டியதை எடுத்து, கட்டை உள்ளே வைத்து, அலமாரியைச் சாத்தி, போகும்போது ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போகிறாள். ஃபேன் சுற்றுகிறது. "ஏய், யாரு ஃபேனைப் போட்டது? பவுடர் பறக்குது பாரு!" என்கிறார் டாக்டர். "ஐயோ, நான்தான் மேடம், எப்பவும் பில் எடுத்துட்டுப் போட்டுட்டுப் போவேன், அந்த நெனப்புல..." "நான் எதுக்கு அணைச்சு வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? நீயா அணைச்சே? நான் அணைச்சது." ஷோபனா நாக்கைக் கடித்துக்கொண்டு அணைக்கிறாள், பவுடரில் பாதி டாக்டரின் கறுப்புப் பேன்ட்டில்.

நான் சிரிக்கப் போனேன். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் அணைக்கவில்லை, அவள் போட்டாள். டாக்டர் அணைத்தது. பெனடிக்டின் லாக். பெனடிக்டின் லாக் உள்ளே போகும்போது கதவைச் சாத்தும், எழுதும், வெளியே வரும்போது திறந்துவிட்டு வரும். போகும்போது எப்படி இருந்தது என்று பார்க்காது. ஏற்கெனவே வேறு யாராவது சாத்தியிருந்தால்? இருக்காது என்றேனே. எந்த இடம் அது? திரையில் எந்த இடத்தைக் காட்டினான்? புதுச் சூட்டை மாற்றிய உடனே அதைப் பதிய வேண்டும், மாற்றிய உடனே என்றால் அந்த வரிக்கு அடுத்த வரி, அந்த வரி இருப்பது என் நிரலில், ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. ஹீட்டருக்கு இரண்டு எண் கொடுக்க வேண்டும், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும், அதற்காகத்தான் கதவைச் சாத்திவிட்டு இரண்டையும் எழுதிவிட்டுத் திறக்கிறேன். சாத்துவது அந்தப் பக்கத்திலேயே இல்லை, மேலே இரண்டு படி தள்ளி, அதைக் கூப்பிடுகிற இடத்தில். திரையில் தெரிந்திருக்காது. அவனுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் எண்ணை எழுதி முடித்ததும் அவனுடைய லாக் வருகிறது, எழுதுகிறது, போகிற போக்கில் கதவைத் திறந்துவிட்டுப் போகிறது. இரண்டாவது எண் இன்னும் பழசு. அந்த இடுக்கில் கடிகாரம் தட்டினால் இரண்டு எண்ணையும் அப்படியே எடுத்து ஹீட்டரிடம் கொடுத்துவிடும். குறைந்த சூடு நீண்ட நேரம் என்பது ஒன்று, முழுச் சூடு கொஞ்ச நேரம் என்பது ஒன்று, இரண்டும் தப்பில்லை. அதில் பாதியும் இதில் பாதியும் சேர்ந்தால் முழுச் சூடு நீண்ட நேரம். இடது கையைத் தூக்குகிறேன்.

"வலிக்குதுங்களா?" இல்லை என்று தலையை ஆட்டப் பார்க்கிறேன், குழாய் இழுக்கிறது. "ஆ, ஆ." "இன்னும் கொஞ்சம் மரத்துப் போக மருந்து போட்டுக்கலாம், பயப்படாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய்விட்டது, அது போனதும் தெரியவில்லை. இப்போது உதட்டில் மீதிப் பாதியும் போகப்போகிறது. கையைக் காதருகே கொண்டுபோய்க் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டுகிறேன். "போனுங்களா? முடிச்சுட்டுப் பேசிக்கலாம். கலவை போட்டாச்சு, இறுகிடும். இப்ப விட்டா பல்லு எச்சில் பட்டு மறுபடியும் முதல்ல இருந்து சுத்தம் பண்ணணும். பத்தே நிமிஷம்." அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். எழுந்து துப்பிவிட்டு ஓடலாம். ஓடலாமா? பத்து நிமிஷம். ரபீக் ஆஸ்பத்திரிக்குப் போனதும் வேலையை ஆரம்பிக்க மாட்டார், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடிகிற வரைக்கும் வார்டுக்குள் விட மாட்டார்கள், வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார், ரவுண்ட்ஸ் முடிந்திருக்குமா, முடிந்திருக்கும், அப்படியென்றால் ஒன்றாவது போட்டிருப்பார், போட்டதும் சோதிக்க வேண்டும், காலி மெத்தையில் சூடேற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும், அதற்கப்புறம்தான் குழந்தை. நாற்காலியில் கைப்பைக்குள் போன் அதிர்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி என்பதால் அந்த அதிர்வு அறை முழுக்கக் கேட்கிறது. ரபீக்கா, பெனடிக்டா? நிற்கிறது. மறுபடி அதிர்கிறது. ஏதோ ஆகிவிட்டது. ஒன்றும் ஆகியிருக்காது.

இருக்காது. நான் இருக்காது என்றா சொன்னேன்? இருக்கக் கூடாது என்று சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். இருக்கக் கூடாது என்றால் பார்த்துக்கொள், இருந்தால் வம்பு, சரிபார் என்று அர்த்தம், அவனும் போய்ச் சரிபார்த்திருப்பான். இருக்காது என்றால் நான் பார்த்துவிட்டேன், நீ போ. பல்வலியில் பாதி வார்த்தையை முழுங்கியிருப்பேன், கக் கூ என்று நடுவில் இருப்பதுதானே போயிருக்கும். அவன் மீன் குழம்பு டப்பாவோடு நின்றான், நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இரு, இருக், அதற்கப்புறம்? ஞாபகத்தில் என் குரல் இல்லை. அவன் போகிற முதுகு இருக்கிறது, டப்பாவின் மூடி தரையில் விழுந்து அவன் குனிந்து எடுத்தது இருக்கிறது, என் குரல் மட்டும் இல்லை. யார் மேல் தப்பு என்று யோசிக்கிறேனே, வெட்கமாக இருக்கிறது. அவன் எழுதியது தனியாகப் பார்த்தால் சரி. நான் எழுதியது தனியாகப் பார்த்தால் சரி. ஷோபனா தினமும் செய்கிறதைத்தான் செய்தாள். ராத்திரி முழுக்க ஆபீஸில் சோதனை ஓடியது, வெந்நீர்ப் பையில் சென்ஸாரை ஒட்டி வைத்து, ஒரு தப்பும் வரவில்லை. எப்படி வரும், அந்தக் கதவு திறந்திருப்பது கண் இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சரியாக அந்த நேரத்தில் கடிகாரம் தட்ட வேண்டும். ஒரு ராத்திரியில் வராது. ஆனால் வார்மர் ஒரு ராத்திரிக்கு ஓடுகிற சாமான் இல்லை. ராத்திரி பகல், வருஷம் முழுக்க, நாலு வார்மர், அதற்கப்புறம் மற்ற ஊர்களில் இருநூறு. என்றைக்காவது வரும் என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பாக வரும் என்பதற்கு இன்னொரு பெயர்.

சூடு எல்லையைத் தாண்டினால் தனியாக ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதற்கும் கெர்னலுக்கும் சம்பந்தமில்லை, கரண்டையே வெட்டிவிட்டு அலாரம் அடிக்கும். இதை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொள்கிறேன். வெட்டும். ஆனால் அது பார்ப்பதும் அதே சென்ஸாரைத்தான், அதை ஒட்டுகிற டேப் குழந்தையின் வியர்வையில் கழன்றுவிடும், கழன்றால் அது காட்டுவது குழந்தையின் சூடு இல்லை. அலாரம் அடித்தால் நர்ஸ் வருவார், வருவார், வார்டில் பதினைந்து குழந்தைக்கு இரண்டு பேர் இருப்பார்கள். முதல்தடவை ஒரு வார்டுக்குள் போனபோது, ரபீக்தான் கூட்டிக்கொண்டு போனார், செருப்பைக் கழற்றி, கையை மூன்று தடவை கழுவி, பச்சை கவுன் மாட்டி, நான் எழுதியது எங்கே ஓடுகிறதென்று பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது வெந்நீர்ப் பைதான். உள்ளங்கை அளவு முதுகு. தோல் இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, உள்ளே நரம்பு ஓடுவது தெரிந்தது. பெயர் வைத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது, ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு அட்டை, பேபி ஆஃப் தமிழரசி, பேபி ஆஃப் ரஹ்மத் நிஷா. மேலே ஹீட்டர் ஆரஞ்சாக எரிந்து அணைந்து எரிந்தது. அது எரிகிற ஒவ்வொரு தடவையும் என் இரண்டு எண்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த நிரலை மறுபடி முதலிலிருந்து படித்தேன், சரியாக இருந்தது, தூங்கினேன். அது அப்போது சரியாகத்தான் இருந்தது. ஆறு வருஷம் சரியாக இருந்த ஒன்றை யாரும் தொடாமலேயே தப்பாக்க முடியும் என்று, "கடிங்க. லேசாக் கடிங்க. ம், போதும். திறங்க." டாக்டர் மேலே ஒரு வெள்ளைச் சாந்தை வைத்து அழுத்துகிறார், தாடை எலும்பில் அந்த அழுத்தம் மட்டும் தெரிகிறது. ரப்பர் கட்டை வெளியே வருகிறது. குழாய் வெளியே வருகிறது. "கொப்புளிங்க."

கொப்புளிக்கவில்லை. எழுந்த வேகத்தில் தலை விளக்கில் இடித்தது. போனில் இரண்டு மிஸ்டு கால், இரண்டும் ஏதோ கிரெடிட் கார்டு விற்கிற நம்பர். ரபீக்கின் போன் ஸ்விட்ச் ஆஃப். வார்டுக்குள் போய்விட்டார் என்று அர்த்தம், உள்ளே போனால் அணைத்துவிடச் சொல்வார்கள். வார்டின் லேண்ட்லைன் நம்பர் என்னிடம் இருக்கிறது, போடுகிறேன், அடிக்கிறது, "குழந்தைங்க வார்டு, சொல்லுங்க" என்று ஒரு பெண் குரல். நான் வாயைத் திறக்கிறேன். வார்மர் என்கிறேன். என் காதுக்கே அது ஆஆர்ஹர் என்று கேட்கிறது. ரபீக் என்கிறேன், ராஹீ. உதடு ஒட்ட வேண்டிய எழுத்து ஒன்றும் வரவில்லை, மோவாயில் தண்ணீர் வழிகிறது. "யாருங்க பேசறது? யாருங்க? குடிச்சிருக்கீங்களா?" டாக்டர் நளினா என் முகத்தைப் பார்க்கிறார். என்ன பார்த்தாரோ தெரியவில்லை, போனை என் கையிலிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "வெச்சுராதீங்க சிஸ்டர். கோயமுத்தூர்ல இருந்து டாக்டர் நளினா பேசறேன். இல்லீங்க, பல் டாக்டர்." "பல் டாக்டரா? இது குழந்தைங்க வார்டுங்க டாக்டர், இங்க யாருக்கும் பல்லே கிடையாது." நான் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை இழுத்து எழுதுகிறேன், டாக்டர் எழுத எழுத வாசிக்கிறார். "வார்மர் கம்பெனில இருந்து ஒருத்தர் வந்திருக்காரா? ரபீக்குனு? அவர் போட்ட வார்மர்ல குழந்தைய வைக்காதீங்க. வெச்சிருந்தா எடுத்துருங்க. அவரைப் போனுக்குக் கூப்பிடுங்க." எழுதுவதை நிறுத்திவிட்டு நான் காத்திருந்தேன். குழந்தைகள் அழுகிற சத்தம் போனில் கேட்டது. அது நல்ல சத்தம் என்று தோன்றியது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

"மேடம்? ரபீக்குங்க. மூணு போட்டுட்டேன், நாலாவது போயிட்டிருக்கு. என்னங்க ஆச்சு?" நான் எழுதுகிறேன், அவர் வாசிக்கிறார். "குழந்தை எதுலயாவது இருக்கா?" "முதல் வார்மர்ல ஒண்ணு வெச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு மேடம், டெம்பரேச்சர் முப்பத்தாறு அஞ்சு காட்டுது." இதை எழுத எனக்குப் பொறுமை இல்லை. போனுக்கு நேராகக் குனிந்து, வருகிற எழுத்துகளை மட்டும் பொறுக்கி, "எடுங்க. குழந்தைய எடுங்க. உடனே எடுங்க" என்றேன். அது தெளிவாக வந்தது. ரபீக் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. "சிஸ்டர், எடுத்துருங்க சிஸ்டர்" என்று அவர் கத்துவது கேட்டது, செருப்பில்லாத காலடிச் சத்தம், எதையோ இழுக்கிற சத்தம், "ப்ளக்கைப் பிடுங்கிட்டேன் மேடம், நாலையும் பிடுங்கிட்டேன்." சிஸ்டரின் குரல் கோபமாக வந்தது. "வேற வார்மர் காலி இல்லீங்க, இந்தக் குழந்தைய எங்க வைக்கறது? ஒண்ணரைக் கிலோ இருக்கு." பிறகு அவரே, எங்களிடம் இல்லை, வேறு யாரிடமோ, "இதோட அம்மா நாகமணிய வரச் சொல்லு. கையக் கழுவிட்டு வரச் சொல்லு. அவ நெஞ்சுல போட்டுக்கட்டும்" என்றார். பழைய நிரலைத் திரும்பப் போடு என்று எழுதினேன், டாக்டர் வாசித்தார், ரபீக் சரி என்றார், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். டாக்டர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஐ.டி.ன்னு சொன்னீங்க" என்றார். ஷோபனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. அவள் கையைப் பிடித்து ஒன்று சொல்ல நினைத்தேன், வாய் கோணிக்கொண்டது, அவள் இன்னும் பயந்துபோனாள்.

ஆட்டோவில் ஆபீஸ் வரைக்கும் காற்று ஒரு கன்னத்தில் மட்டும் பட்டது. பெனடிக்டின் மேஜைக்கு நேராகப் போய் ஒரு தாளில் அந்த இரண்டு வரியையும் எழுதினேன், மேலே நான் சாத்துவது, நடுவில் அவன் திறப்பது. அவன் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தபடி இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான். "குழந்தைக்கு?" என்றான் விரல்களுக்கு நடுவிலிருந்து. ஒன்றுமில்லை என்று எழுதிக் காட்டினேன். ஒன்றுமில்லை என்பதன் கீழே கோடு போட்டேன். பிறகு எழுதினேன், நேற்று உன்னிடம் இருக்காது என்று சொன்னது நான், தப்பு என்னுடையது. அவன் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க ஒண்ணுமே சொல்லல மேடம். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தலைய ஆட்டினீங்க. எனக்கு அது இல்லைன்னு பட்டது. போய் மேல பார்த்திருக்கணும், நீங்க வலியில இருக்கீங்கன்னு தெரியுது, இன்னொரு தரம் கேக்கக் கூச்சமா இருந்தது." தலையை எப்படி ஆட்டினேன்? மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்டு என்ன ஆகப்போகிறது. நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டேன். உள்ளே போகும்போது கதவு எப்படி இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்வது, வெளியே வரும்போது அதேபோல் விட்டுவிட்டு வருவது, திறந்திருந்தால் திறந்து, சாத்தியிருந்தால் சாத்தி. மூன்று வரி. இதை நாங்கள் இருவரும் கல்லூரியை விட்டு வந்த வருஷத்திலேயே கற்றதுதான். அவன் தட்டினான், நான் விரலால் திரையில் காட்டினேன். பிறகு நிரல் முழுக்க இதே மாதிரி வேறு எங்கெல்லாம் குருட்டாம்போக்கில் திறந்துவிடுகிறோம் என்று தேட ஆரம்பித்தோம். பதினொரு இடம் வந்தது. அதில் நாலு என்னுடையது. பெனடிக்ட் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மத்தியானம் ரபீக் கூப்பிட்டார். மூன்றிலும் பழையது போட்டாயிற்று, நாலாவதும் முடியப்போகிறது, காலி மெத்தையில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், நாலும் முடிந்து நான் சொன்ன பிறகுதான் குழந்தையைத் திரும்ப வைப்பார்கள் என்றார். வெளியே வராந்தாவிலிருந்து பேசினார், பின்னால் பஸ் ஹாரன். "ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றார். "அந்தப் பொண்ணு நாகமணி, குழந்தைய நெஞ்சுல போட்டுக்கிட்டுச் சாய்ஞ்சு உக்கார்ந்திருக்குது. பிறந்து ஒன்பது நாளாச்சாம், இதுவரைக்கும் கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்ததுதானாம். சூடு நல்லா இருக்கு, ஒரு மணி நேரமாப் பார்த்துட்டோம், சிஸ்டரும் சரின்னுட்டாங்க. என்கிட்ட வந்து, அண்ணா, மிசின் ரெடியானா எடுத்துருவீங்களான்னு கேட்டுது. நான் என்ன சொல்லட்டும்?" வாயின் ஓரத்தில் ஊசி குத்துவது போல உணர்வு திரும்ப ஆரம்பித்திருந்தது. பெனடிக்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரஹீக்" என்றேன், மறுபடி முயன்று, "ரபீக். நாலாவதை மெதுவாப் பண்ணுங்க."